அங்கத்தினர் ஏட்டில் இல்லாத பெயர்கள்

பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் போவது மனித குலத்துக்குப் புதிதன்று. போனவர்கள் போன இடத்திலேயே குடியேறி அவ்வூர் மக்களாகிவிடுவது ஒரு வகை. பருவத்துக்குப் போய், பருவம் முடிந்ததும் திரும்பி, மறு பருவத்தில் மீண்டும் மூட்டை கட்டுவது இன்னொரு வகை. முதல் வகையினருக்கு ஒரு தலைமுறை கழிந்தாலும் ஓர் ஊர் கிடைத்துவிடுகிறது. இரண்டாம் வகையினருக்கோ இரண்டு ஊர்கள் இருந்தும் இரண்டிலும் பாதி இடமே கிடைக்கிறது.

இப்படிப் போய்வரும் உழைப்பாளரைப் பற்றி இவ்விதழில் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. இவர்களுள் கணிசமானோர் உழைப்பது கரும்புக் கொல்லையிலும் தறிக்கூடத்திலும். அதாவது நம் தொழில்களிலேயே. சில இடங்களில் கூட்டுறவின் பெயரால் நடக்கும் ஆலைகளின் வாயிலிலேயே இவர்களுடைய குடிசைகள் இருக்கின்றன. ஆகவே இது யாரோ சிலருடைய துன்பம் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது.

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை வருமானத்தால் மட்டும் அளக்கலாகாது. மக்கள் எவ்வளவு காலம் நலமாக வாழ்கிறார்கள், எவ்வளவு கற்கிறார்கள், கண்ணியமாக வாழப் பொருள் பெறுகிறார்களா என்று பார்த்தே அளக்க வேண்டும் என்ற கருத்து 1990-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட முதல் மனித மேம்பாட்டு அறிக்கையால் உலகெங்கும் பரவியது. அவ்வறிக்கையின் ஆசிரியர் பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூப் உல் ஹக். அதே வரிசையில் 2009-இல் வெளிவந்த அறிக்கை, மக்கள் இடம் பெயர்வதையே பொருளாகக் கொண்டது. தம் நாட்டின் எல்லைக்குள்ளேயே இடம் பெயர்ந்தவர்கள் உலகில் 74 கோடி பேர் என்று அது கணக்கிட்டது. கடல் கடந்து போகிறவர்களைப் பற்றியே நாம் மிகுதியாகப் பேசுகிறோம். அடுத்த மாவட்டத்துக்குப் போகிறவர்களே மிகுதி என்பதை மறந்துவிடுகிறோம்.

கல்வி, உடல்நலம், பொருள் என்ற இம்மூன்று அளவுகோல்களையும் கையில் கொண்டு, மகாராஷ்டிரத்தின் கரும்பு வெட்டும் தொழிலாளர் வாழ்வைச் சற்று ஆராய்வோம்.

கூட்டுறவு விளைத்த செல்வம்

இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தின் முதல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, பிரவரா ஆற்றுப் பகுதியில் லோணி என்னும் ஊரில் எழுந்தது. விட்டல்ராவ் விகே பாட்டீல் என்ற உழவர் ஊர் ஊராகச் சென்று பங்குத் தொகை திரட்டினார். பொருளியல் பேரறிஞர் தனஞ்சயராவ் காட்கில் அதற்குத் துணை நின்று தொடக்க ஆண்டுகளில் தலைமையும் ஏற்றார். 1950-51 பருவத்தில் ஆலை ஓடத் தொடங்கியது. தனியார் முதலாளியிடம் கரும்பைக் கொடுத்துவிட்டு அவர் கூறிய விலைக்குக் காத்திருந்த உழவர்கள், தாமே ஆலைக்கு உடையவர்களாயினர். இதைப் பார்த்துக் கொல்லாப்பூர், சாங்லி, சாத்தாரா முதலிய மாவட்டங்களிலும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஆலையைச் சுற்றிப் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, சாலை எல்லாம் வந்தன. கூட்டுறவாளர் பெருமை கொள்ளத்தக்க வரலாறு இது. அதனை நாம் குறைத்துக் கூற வரவில்லை.

ஆனால் அந்த வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கரும்பை வெட்டிய நாழிகையிலிருந்தே அதன் சர்க்கரைச் சத்து குறையத் தொடங்குகிறது. ஒரு நாளைக்குள் அரைத்துவிட வேண்டும். ஆகவே எந்தக் கொல்லையை எந்த நாள் வெட்டுவது என்பதை ஆலையே வகுக்கிறது. வெட்டாட்களையும் ஆலையே ஏற்பாடு செய்கிறது. வெட்டுக்கூலியும் வண்டிச் சத்தமும் உழவருக்குச் சேர வேண்டிய கரும்பு விலையில் கழிக்கப்படுகின்றன. உழவர் அங்கத்தினர்; ஆலை அவருடையது. வெட்டுகிறவரோ அங்கத்தினரும் அல்லர். ஆலைத் தொழிலாளர் பட்டியலிலும் இல்லை. அவரை அழைத்து வருவது 'முகாதம்' எனப்படும் மேஸ்திரி. ஆலையின் கணக்கு மேஸ்திரியோடு. மேஸ்திரியின் கணக்கு குடும்பத்தோடு.

இவ்வெட்டாட்கள் பெரும்பாலும் வருவது மராத்வாடாவின் பீட் மாவட்டத்திலிருந்தும் அதை அடுத்த பகுதிகளிலிருந்தும். மேற்கு மலைத் தொடருக்கு அப்பால் மழை மறைவில் கிடக்கும் வறண்ட பூமி அது. சிறு நிலம் உடையவர்களும் நிலமே இல்லாதவர்களும் தீபாவளியை ஒட்டி வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். சித்திரை வெயில் ஏறும் காலத்தில் திரும்புகிறார்கள். ஆண்டுதோறும் இவ்வாறு செல்வோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று மதிப்பிடப்படுகிறது.

ஆலைக்கு அருகில் ஆட்கள் இல்லாமலா தொலைவிலிருந்து அழைக்கிறார்கள் என்ற கேள்வி எழலாம். தென் குஜராத்தின் பார்டோலிப் பகுதிக் கூட்டுறவு ஆலைகளை 1970-களில் ஆராய்ந்த டச்சு அறிஞர் யான் பிரேமன் இக்கேள்விக்கு விடை கண்டார். அங்கே உள்ளூரிலேயே நிலமற்ற தொழிலாளர் நிறைய இருந்தும், வெளியூராரையே ஆலைகள் கொண்டுவந்தன. உள்ளூரான் மாலையானால் வீட்டுக்குப் போவான். விசேஷம் என்றால் வரமாட்டான். கூலி போதவில்லை என்று நாலு பேரைக் கூட்டிக் கேட்பான். வெளியூரானுக்கு அந்த வழிகள் இல்லை. நள்ளிரவில் லாரி வந்தாலும் எழுந்து ஏற்றுவான். உழைப்பாளியின் பலவீனமே இங்கே அவனுடைய தகுதியாகிவிடுகிறது!

முன்னே வரும் பணம்

வெளியூர் போய் உழைப்பவன் மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புவான். அதைக் கொண்டு வீடு தழைக்கும் என்பதே நம் பொதுவான எண்ணம். கரும்பு வெட்டில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. பணம் முன்னே வருகிறது. உழைப்பு பின்னே போகிறது. மழைக்காலத்தில், விதைக்கும் உணவுக்கும் மருந்துக்கும் திருமணத்துக்கும் கையில் ஒன்றும் இல்லாத வேளையில், மேஸ்திரி முன்பணம் தருகிறார். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கணக்கு. அவர்கள் பிடிக்கும் கொடுவாளுக்கு மராத்தியில் 'கொய்தா' என்று பெயர். கணவன் மனைவி இருவரையும் சேர்த்தே 'ஒரு கொய்தா' என்று எழுதிக்கொள்கிறார்கள். இரண்டு மனிதர்கள் ஒரு கருவியின் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.

கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். ஆலைகளின் கூட்டமைப்பும் தொழிற்சங்கங்களும் 2024 ஜனவரியில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வெட்டுக்கூலி நூற்றுக்கு 34 பங்கு உயர்ந்து, டன்னுக்கு 366 ரூபாய் ஆயிற்று. ஒரு தம்பதியர் விடியற்காலை இருளிலேயே தொடங்கி, வெட்டி, தோகை நீக்கி, கட்டி, தலையில் சுமந்து வண்டியில் ஏற்றி, நாளொன்றுக்கு இரண்டு டன் முடிப்பதாகக் கொள்வோம். இருவருக்கும் 732 ரூபாய். முன்பணம் ஓர் இலட்சமானால், அதைத் தீர்க்க 273 டன்னுக்கு மேல் வெட்டவேண்டும். அதாவது ஒரு நாளும் ஓயாமல் 137 நாட்கள். மழை குறைந்து கரும்பு சுருங்கிய ஆண்டில் ஆலை மூன்று மாதத்தில் அரவையை முடித்துக்கொண்டால், மீதிக் கடன் அடுத்த பருவத்துக்குப் போகிறது. கணக்கேடு மேஸ்திரியிடம் இருக்கிறது. அன்றாட உப்பு புளிக்கு அவர்கள் நம்புவது, கரும்பின் கொழுந்தாடையைக் கட்டி மாட்டுத் தீவனமாக விற்று வரும் சில்லறையைத்தான்.

பள்ளியும் பிள்ளையும்

பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. குடும்பம் அக்டோபரிலோ நவம்பரிலோ புறப்படுகிறது. பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்றால் படிப்பு நடுவில் அறுகிறது. பெரிய பிள்ளை குடிசையில் சிறிய பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது. சற்று வளர்ந்ததும் தோகை பொறுக்குகிறது. பின்னர் தானும் கொய்தா பிடிக்கிறது. தாத்தா பாட்டியிடம் விட்டுச் சென்றால் படிப்பு ஓரளவு தொடரும். ஆனால் அவர்களுக்கே அடுப்பு மூட்ட முடியாத வயது.

பெண் பிள்ளையின் நிலை இன்னும் கடினம். வயது வந்த பெண்ணை ஊரில் தனியே விட அஞ்சுகிறார்கள். கொல்லைக்கு அழைத்துப் போகவும் அஞ்சுகிறார்கள். தம்பதியராக இருந்தால்தான் முழுக் கொய்தா, முழு முன்பணம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. விளைவு, இளவயதுத் திருமணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பீட் மாவட்டத்தில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் 18 வயதுக்கு முன்னரே மணமானவர்கள். மாநிலம் முழுவதற்கும் அந்த எண் 22. இந்த இரட்டிப்புக்குக் கரும்பு வெட்டு ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பங்கில்லை என்று யாரும் சொல்லமுடியாது.

பிள்ளைகளுக்காக இரண்டு வழிகள் முயலப்பட்டன. ஜனார்த் என்னும் தொண்டு நிறுவனம் 2000-களில் ஆலைகளின் அருகே 'சாக்கர் சாலை' என்ற பருவப் பள்ளிகளை நடத்தியது. பிள்ளை போகும் இடத்துக்குப் பள்ளியும் போகட்டும் என்பது அதன் கொள்கை. பிள்ளையைப் போகவிடாமலே சொந்த ஊரில் உணவும் இடமும் தந்து காப்பது மற்றொரு வழி. பருவகால விடுதிகள் அவ்வாறு எழுந்தவை. 2021-இல் மாநில அரசு சந்த் பகவான் பாபா பெயரால் மாணவர் விடுதித் திட்டம் ஒன்றையும் வகுத்தது. நம் கருத்தில், சிறு குழந்தைகளுக்குக் கொல்லையோரக் காப்பகமும், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே விடுதியும் பொருந்தும். தாயிடமிருந்து பால் குடிக்கும் குழந்தையையும், பாடத்திலிருந்து மாணவனையும் பிரிக்கலாகாது.

பெண்களின் உடல்

இவ்வளவும் படித்து வந்த அன்பர்கள், இனிச் சொல்லப்போவதைப் பொறுமையோடு படிக்கவேண்டுகிறோம். கொல்லையோரக் குடிசையில் நல்ல நீர் இல்லை, குளிக்க மறைவிடம் இல்லை, கழிப்பிடம் இல்லை. பெண்கள் தலையில் கட்டுச் சுமந்து ஏணிப் பலகை ஏறி வண்டியில் அடுக்குகிறார்கள். ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி போவதோடு, பல இடங்களில் தண்டமும் பிடிக்கிறார்கள். மாதவிலக்கும் நோயும் இவர்களுக்கு உடற்துன்பம் மட்டுமல்ல. கடனில் ஏறும் ஒரு வரி.

இந்நிலையில் வயிற்றுவலி என்று மருத்துவரிடம் போன இளம் பெண்களுள் பலர் கருப்பையையே அகற்றிக்கொண்டார்கள் என்ற செய்தி 2019-இல் வெளியாகி நாட்டை உலுக்கியது. மாநில அரசு நீலம் கோர்ஹே தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பீட் மாவட்டத்தில் ஆய்வு செய்யப்பட்ட 82,309 கரும்பு வெட்டும் பெண்களுள் 13,861 பேர் அந்த அறுவைக்கு உட்பட்டிருந்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். 2015-16 குடும்ப நல ஆய்வில் மகாராஷ்டிரத்தின் 15 முதல் 49 வயதுப் பெண்களிடையே அந்த எண் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. இரண்டு கணக்குகளும் ஒரே வகையில் எடுக்கப்பட்டவை அல்ல. என்றாலும் இடைவெளி எவ்வளவு பெரியது என்பது விளங்கும். ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் அறுவை செய்த மருத்துவர்கள் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நாள் ஓய்வு எடுக்க இயலாத ஏற்பாடே அப்பெண்களை அந்த வாயிலுக்கு அனுப்பியது என்பதை மறத்தலாகாது.

தறிக்கூடத்துப் பயணம்

நெசவாளர் அன்பர்களுக்கு இதே கதையின் மற்றொரு வடிவத்தையும் சொல்லவேண்டும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தார் பல்லாண்டுகளாகக் குஜராத்தின் சூரத் நகருக்குச் சென்று விசைத்தறி ஓட்டுகிறார்கள். இங்கே போகிறவன் ஆண்மகன் மட்டும். மனைவி மக்கள் ஊரில் இருக்கிறார்கள். கூலி உழைத்த பின் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. அவன் அனுப்பும் பணம் வீட்டுக்குப் போகிறது. பிள்ளையின் பள்ளி அறுவதில்லை. ஆகவே போய்வருவது எல்லாருக்கும் ஒரே பயனைத் தருவதில்லை என்பதை இதனால் அறியலாம். யார் போகிறார்கள், பணம் முன்னே வருகிறதா பின்னே வருகிறதா என்ற இரண்டுமே பிள்ளையின் எதிர்காலத்தைப் பெரிதும் முடிவு செய்கின்றன.

ஆயினும் சூரத்திலும் விலை கொடுக்காமல் இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலை. காது செவிடாகும் தறியோசை. பகல் வேலைக்காரர் எழுந்த பாயில் இரவு வேலைக்காரர் படுக்கும் நெருக்கடி. 2020-இல் பெருந்தொற்றின்போது ஊரடங்கு வந்ததும், எங்களை ஊருக்கு அனுப்புங்கள் என்று அவர்கள் சூரத் வீதிகளில் கூடினார்கள். பல ஆண்டு துணி நெய்து கொடுத்த நகரம், சில வாரச் சோற்றுக்குத் தமக்குப் பொறுப்பாகாது என்பதை அன்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

போகாமலிருக்க ஓர் உரிமை

போகவே கூடாது என்று நாம் கூறவில்லை. வறண்ட ஊரில் பட்டினி கிடப்பதைவிடப் போவது மேல். ஆனால் போவதும் போகாமலிருப்பதும் ஒருவன் கையில் இருக்கவேண்டும். 1972-ஆம் ஆண்டின் கொடிய பஞ்சத்தை ஒட்டி மகாராஷ்டிரம் வேலை உறுதித் திட்டத்தைத் தொடங்கி, 1977-இல் அதனைச் சட்டமாக்கியது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு அதுவே முன்னோடி. சொந்த ஊரில் வேலை கிடைக்கும் என்ற உறுதி இருந்தால், மேஸ்திரியிடம் பேரம் பேச ஒரு தெம்பு பிறக்கும்.

ஊரே மாறிய சான்றும் உண்டு. அகில்யாநகர் மாவட்டத்தில், 2024 வரை அகமதுநகர் என்று வழங்கிய பகுதியில், ஹிவரே பஜார் என்ற சிற்றூர் வறட்சியால் காலியாகிக் கொண்டிருந்தது. 1989-இல் போபட்ராவ் பவார் ஊர்த் தலைவரானார். மக்கள் தம் உழைப்பால் குன்றுகளில் வரப்பு வெட்டினார்கள். ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். மரம் வெட்டுவதையும் காட்டு மேய்ச்சலையும் நிறுத்தினார்கள். பாசனத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவதில்லை, மிகுந்த நீர் குடிக்கும் கரும்பு பயிரிடுவதில்லை என்று ஊரே கட்டுப்பாடு செய்துகொண்டது. கிணறுகளில் நீர் ஊறியது, பால் பெருகியது, வெளியே போனவர்களும் திரும்பி வந்தார்கள். கரும்பு வெட்டப் போகும் தேவை, கரும்பையே விலக்கிய ஓர் ஊரில் நீங்கியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை

சட்டம் வரட்டும், அரசினர் செய்யட்டும் என்று காத்திருப்பது கூட்டுறவாளர் மரபன்று. 1979-இல் வந்த புலம்பெயர் தொழிலாளர் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் போவோருக்கானதாக இருந்தது; ஒரே மாநிலத்துக்குள் மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் கரும்பு வெட்டாள் அதன் நிழலில் வரவில்லை. 2019-இல் மகாராஷ்டிர அரசு கோபிநாத் முண்டே பெயரால் கரும்பு வெட்டும் தொழிலாளருக்கென நலக் கழகம் அமைத்ததும், அரைக்கும் கரும்பின் அளவுக்கேற்ப ஆலைகள் அதற்குப் பணம் செலுத்தவேண்டும் என்று பின்னர் வகுத்ததும் நல்ல தொடக்கங்கள். ஆனால் ஆலையின் உடைமையாளர்கள் மனம் வைத்தால் அதற்கும் முன்னரே செய்யக்கூடியவை உள.

முதலாவது, பெயர். தன் கரும்பை வெட்டும் ஒவ்வோர் ஆணின் பெயரும் பெண்ணின் பெயரும் சங்கத்தின் ஏட்டில் தனித்தனியே எழுதப்படவேண்டும்; கொய்தாவின் பெயரால் அன்று. இரண்டாவது, கணக்கு. முன்பணமும் வெட்டிய டன்னும் எழுதிய கைப்புத்தகம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கவேண்டும். மனைவியின் கூலி மனைவியின் கணக்கில் சேரவேண்டும். மூன்றாவது, முன்பணம். பதிவு பெற்ற வெட்டாளர்களுக்குக் கூட்டுறவு நாணயச் சங்கமே நியாய வட்டியில் கடன் கொடுக்குமானால், மேஸ்திரியின் பிடி தானே தளரும். நான்காவது, இருப்பிடம். நீர், கழிப்பிடம், குழந்தைக் காப்பகம், வாரம் ஒரு நாள் ஓய்வு ஆகியவை வெட்டுக்கூலியின் பகுதியாகவே எண்ணப்படவேண்டும்.

ஐந்தாவது, உறுப்பினர் உரிமை. உழைப்பாளர் தாமே சங்கம் அமைத்து நடத்த வல்லரா என்று ஐயுறுவோர் கேரளத்தின் வடகரைப் பக்கம் பார்க்கட்டும். வாக்படானந்தரின் ஊக்கத்தால் 1925-இல் கூலித் தொழிலாளர் சிலர் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், சாலையும் பாலமும் கட்டி, நூறாண்டு கண்டு, இன்றும் உழைப்பவர் உடைமையாகவே விளங்குகிறது. கரும்பு வெட்டாளரும் அத்தகைய சங்கமாகத் திரண்டால், ஆலைக் கூட்டுறவு உழைப்புக் கூட்டுறவோடு நேரே உடன்படிக்கை செய்துகொள்ளலாம். இடையே மேஸ்திரிக்கு இடமில்லை.

இதற்குச் செலவாகுமே, அது கரும்பு விலையில் அன்றோ விழும் என்று உழவர் அன்பர்கள் கேட்பது நியாயமே. விழும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இன்றும் அச்செலவு இல்லாமல் இல்லை. பள்ளி இழந்த பிள்ளையும், உடல் இழந்த தாயும் அதைச் செலுத்தி வருகிறார்கள். அது நம் பட்டியலில் பிடித்தமாகத் தெரியாததால், செலவே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அறுவடை இயந்திரம் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பாரும் உளர். இயந்திரம் வெட்டுவோரின் வேலையைத்தான் நீக்கும். அவர்களுடைய கடனை நீக்காது.

நம் ஊர் ஆலைகளின் அரவைக் காலத்திலும் வெளியூர் வெட்டாட்கள் வந்து தங்குகிறார்கள். உலகக் கூட்டுறவு அமைப்பு 1995-இல் வகுத்துரைத்த கொள்கைகளில் முதலாவது, வேற்றுமை பாராமல் எவரையும் அங்கத்தினராக ஏற்பது. ஏழாவது, சுற்றியுள்ள சமூகத்தின்பால் அக்கறை. இவ்விரண்டையும் நம் மகாசபைக் கூட்டங்களில் ஆண்டுதோறும் படிக்கிறோம். வரும் மகாசபையில், வரவு செலவு படித்து முடித்த பிறகு, யாராவது ஓர் அங்கத்தினர் எழுந்து, "நம் கரும்பை வெட்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள்?" என்று கேட்கட்டும். தலைவரிடம் அதற்கு விடை இல்லையானால், அடுத்த ஆண்டுக்குள் அந்த விடையை எழுதிவைப்பதே சங்கத்தின் முதல் வேலையாகட்டும்.